மீண்டும் மீண்டும் வரும் பெண்ணுறுப்புத் தொற்று: எதிர்ப்பாற்றல் குறைவதாலா, திசைமாறுவதாலா?

பெங்களூரு: கன்டோன்மென்ட் காலத்துக் குடியிருப்புகளில் ஒன்றான காக்ஸ் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்குள்ள மருந்துக்கடைகளில் தலைவலிக்கும் சளிக்கும் உரக்கக் கேட்டு மாத்திரை வாங்கும் பெண்கள், ஒரே ஒரு மருந்தை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பதுண்டு. வெள்ளைப்படுதலுக்கும் அரிப்புக்கும் தரப்படும் ஃப்ளூகோனசோல் என்ற ஒற்றை மாத்திரைதான் அது. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே தரவேண்டிய மருந்து என்றாலும், சீட்டில்லாமல் வாங்கும் பழக்கம் இந்தியாவின் எல்லா ஊர்களிலும் இருக்கிறது.

மாத்திரை வேலை செய்கிறது, அரிப்பு அடங்குகிறது. இரண்டு மாதத்தில் மீண்டும் தொடங்குகிறது. மூன்றாவது, நான்காவது முறை வரும்போது பெண்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: என் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா?

கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் இந்தக் கேள்விக்குத் தரும் விடை எதிர்பாராதது. மீண்டும் மீண்டும் வரும் பூஞ்சைத் தொற்றில் பெரும்பாலான பெண்களுக்கு எதிர்ப்பாற்றல் குறைவதில்லை. பூஞ்சையைக் கொல்ல விரைந்து வரும் வெள்ளணுக்கள் அதைக் கொல்லாமல், அங்குள்ள திசுவையே புண்படுத்துகின்றன. எரிச்சல், சிவப்பு, வீக்கம் ஆகியவற்றில் பெரும்பங்கு பூஞ்சையின் கைவரிசை அன்று, உடலின் சொந்தப் படையினுடையது.

சொல்லப்படாத நோயின் அளவு

பெண்ணுறுப்புத் தொற்று இந்தியாவில் எவ்வளவு பரவலானது என்பது வெளிச்சத்துக்கு வந்ததே மருத்துவமனைகளுக்கு வெளியில்தான். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவத் தம்பதியான ராணி பங், அபய் பங் ஆகியோர் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். 92 சதவீதப் பெண்களுக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் மகளிர் நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்களோ நூற்றுக்கு எட்டுப் பேர்தான்.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிராமப்புறத்தில் 16 முதல் 22 வயதுவரையுள்ள 451 மணமான பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 53 சதவீதத்தினர், தங்களுக்கு அறிகுறி இருப்பதாகக் கூறினர். ஆய்வகப் பரிசோதனையில் 38 சதவீதத்தினருக்குத் தொற்று உறுதியானது. அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சையும் நாடவில்லை. அவர்கள் சொன்ன காரணங்கள் இன்றும் மாறவில்லை: அருகில் பெண் மருத்துவர் இல்லை, தனியாகப் பேச இடமில்லை, தொலைவு, செலவு, "இது எல்லாருக்கும் இருப்பதுதானே" என்ற எண்ணம்.

பெங்களூருக்கு அண்மையில் உள்ள சான்று மைசூரிலிருந்து கிடைக்கிறது. அங்கு 2005, 2006-ஆம் ஆண்டுகளில் மகப்பேற்று நல மையங்களுக்கு வந்த சுமார் 900 இளம்பெண்களை ஆராய்ந்தபோது, பரிசோதிக்கத் தக்க மாதிரி கிடைத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கு பாக்டீரியல் வஜினோசிஸ் என்ற பாக்டீரியாக் கோளாறு இருந்தது. மேலும் 15.4 சதவீதத்தினர் அதற்கும் இயல்புக்கும் இடைப்பட்ட நிலையில் இருந்தனர்.

இந்த எண்களைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் 'வெள்ளைப்படுதல்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடக் கூடாது. நிறமோ நாற்றமோ அரிப்போ இல்லாத கசிவு இயல்பானது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவிலும் கருவுற்ற காலத்திலும் அது கூடும். "வெள்ளைப்பட்டால் எலும்பு உருகும்" என்று பாட்டிமார் சொல்லிவந்ததில் உண்மை இல்லை. உடல் சூட்டினாலும் அது வருவதில்லை.

கோவாவில் 18 முதல் 50 வயதுவரையுள்ள 2,494 பெண்களிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வெள்ளைப்படுதல் என்று முறையிட்ட பெண்களிடம் அந்த முறையீட்டோடு மிக வலுவாகச் சேர்ந்திருந்தது தொற்றன்று. மனச்சோர்வு, பதற்றம் போன்ற உளவியல் சுமைகளே அதைவிட நெருக்கமாகத் தொடர்பு கொண்டிருந்தன. முறையீடு பொய் என்று இதற்குப் பொருளில்லை. வாயால் சொல்லும் அறிகுறியை மட்டும் வைத்து மாத்திரை கொடுத்தால், தொற்றே இல்லாத பலருக்கும் மருந்து போய்ச் சேரும் என்பதுதான் இதன் பொருள்.

மூன்று நோய்கள், ஒரே அறிகுறி

தொற்று என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று முக்கியமானவை. முதலாவது கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் வருவது. தயிர் திரிந்தாற்போன்ற கசிவும் கடும் அரிப்பும் இதன் அடையாளம். இரண்டாவது பாக்டீரியல் வஜினோசிஸ். மெல்லிய சாம்பல் நிறக் கசிவு, மீன் வாடை, பெரும்பாலும் அரிப்பு இல்லாமை ஆகியவை இதற்குரியவை. மூன்றாவது டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வரும் பாலியல் தொற்று. இதற்கு இருவரும் சிகிச்சை பெறவேண்டும்.

பாடநூலில் தெளிவாகப் பிரித்துக் காட்டப்படும் இந்த அடையாளங்கள் நடைமுறையில் கலந்தே வருகின்றன. அமெரிக்காவில் தாமாகவே பூஞ்சைத் தொற்று என்று முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்து 2002-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்கள் வேறு நோய்க்கு, அல்லது நோயே இல்லாமல், பூஞ்சை மருந்து எடுத்துக்கொண்டிருந்தனர். எனவே "மீண்டும் மீண்டும் வருகிறது" என்ற முறையீட்டில் ஒரு பகுதி, முதல்முறையே சரியான மருந்து கிடைக்காததன் தொடர்ச்சி.

மூன்றுக்கும் உடல் காட்டும் எதிர்வினையும் வேறுவேறு. ஒரே 'எதிர்ப்பாற்றல் மருந்து' எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது ஏன் பொருந்தாது என்பதற்கு இந்த வேறுபாடே அடிப்படை.

காவல் காப்பது எது?

நலமான பெண்ணுறுப்பில் லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் பெருமளவில் வாழ்கின்றன. தயிரை உறையவைக்கும் பாக்டீரியாக்களின் உறவினர்கள் இவை. திசுவின் செல்களில் சேமிக்கப்பட்ட கிளைகோஜன் என்ற சர்க்கரைப் பொருள் சிதைந்து கிடைப்பவற்றை உண்டு, லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அதனால் அங்குள்ள பிஎச் அளவு ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை, அமிலத்தன்மையிலேயே இருக்கிறது. கேடு செய்யும் பல பாக்டீரியாக்கள் அந்தச் சூழலில் பெருக முடிவதில்லை.

இங்கே ஆக்சிஜனேற்றத்தின் கதை முதல்முறையாக நுழைகிறது. இந்த நல்ல பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகின்றன என்றும், புண்ணைக் கழுவும் மருந்துபோல் அது கிருமிகளைப் பொசுக்குகிறது என்றும் பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. ஆய்வகத் தட்டில் அது உண்மைதான். ஆனால் பெண்ணுறுப்பின் உள்ளே ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெராக்சைடு உருவாவது கடினம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனையில், பெண்ணுறுப்புத் திரவத்தின் முன்னிலையில் கேடான பாக்டீரியாக்களை அடக்கியது லாக்டிக் அமிலம்தான், பெராக்சைடு அன்று என்பது தெரிந்தது. திரவத்தில் இயல்பாகவே உள்ள ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப் பொருட்கள் பெராக்சைடைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன.

ஆகவே இயற்கைக் காவலின் அடித்தளம் அமிலம். சோப்பு, வாசனைக் கழுவி, டெட்டால் கலந்த நீர் ஆகியவற்றால் உட்புறத்தைக் கழுவுவது அந்த அமிலத்தையும் அதைத் தயாரிக்கும் பாக்டீரியாவையும் சேர்த்தே அகற்றுகிறது. வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவினால் போதும்.

பூஞ்சைக்கு எதிரான போரில் நடப்பது

கேண்டிடா பல பெண்களின் உடலில் எந்தத் தொல்லையும் தராமல் வாழும் விருந்தாளி. உருண்டையான ஈஸ்ட் வடிவில் இருக்கும்வரை உடலும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொள்ளுதல், கருவுறுதல், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற சூழலில் அது நீண்ட இழைகளாக வளரத் தொடங்குகிறது. இந்த இழைகள் திசுவைத் துளைக்கின்றன. இழை வடிவத்தில் மட்டும் அது சுரக்கும் நச்சு ஒன்றை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் அவர்களுடைய ஜெர்மானியக் கூட்டாளிகளும் 2016-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். கேண்டிடாலைசின் என்று பெயரிடப்பட்ட அது, 31 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத் துண்டு. செல்லின் உறையில் அது துளையிடுகிறது.

துளைபட்ட செல்கள் அபாயக் குறிப்புகளை அனுப்புகின்றன. ஐஎல்-1 பீட்டா போன்ற அழற்சித் தூதுப் பொருட்களும், எஸ்100 எனப்படும் எச்சரிக்கைப் புரதங்களும் பெருகுகின்றன. அவற்றின் அழைப்பை ஏற்று, இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன.

நியூட்ரோஃபில்லின் முதன்மையான ஆயுதம் ஆக்சிஜன். அதன் உறையில் உள்ள ஒரு நொதி, ஆக்சிஜனை சூப்பராக்சைடு என்ற வினைத்திறன் மிக்க மூலக்கூறாக மாற்றுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், பின்னர் ஹைப்போகுளோரஸ் அமிலமும் பிறக்கின்றன. கடைசியில் சொன்னது, நீர்த்தொட்டியில் போடும் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரையும்போது கிருமிகளைக் கொல்லும் அதே பொருள். நம் இரத்தத்தின் வெள்ளணுக்கள் தேவைப்படும்போது தமக்குத் தாமே ப்ளீச் தயாரிக்கின்றன என்று சொன்னால் மிகையில்லை.

இரத்தத்தில் கேண்டிடா புகுந்தால் இந்த ஆயுதம் உயிர் காக்கும். பெண்ணுறுப்பில் மட்டும் அது குறிதவறுகிறது. அமெரிக்காவின் லூசியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் திருப்புமுனை. தன்னார்வலர்களாக முன்வந்த நலமான பெண்களின் உறுப்பில் உயிருள்ள கேண்டிடாவையே வைத்து, யாருக்கு நோய் வருகிறது என்று கவனித்தனர். நோய் வராதவர்களிடம் அழற்சியே இல்லை. வெள்ளணுக்கள் திரளவும் இல்லை. நோய் வந்தவர்களிடம்தான் நியூட்ரோஃபில்கள் பெருமளவில் வந்திருந்தன. அவை வந்தும் பூஞ்சை குறையவில்லை. காப்பாற்றப்பட்டவர்களின் உடல், பூஞ்சையோடு போரிடாமல் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தது.

வந்த படை ஏன் கொல்வதில்லை என்பதற்கு விடை பின்னர் சுண்டெலிகளில் கிடைத்தது. பெண்ணுறுப்புத் திரவத்தில் உள்ள ஹெபரான் சல்ஃபேட் என்ற பொருள், நியூட்ரோஃபில் பூஞ்சையைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் பிடியிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. பிடி அடைபட்டுவிட்டதால் வெள்ளணுவால் இரையைப் பிடிக்க முடிவதில்லை. ஆனால் அழைப்பு நிற்காததால் படை மேன்மேலும் வந்துகொண்டே இருக்கிறது.

இதற்கிடையே பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் கேட்டலேஸ், சூப்பராக்சைடை முடக்கும் நொதிகள் என்று அதனிடம் ஒரு கேடயத் தொகுப்பே இருக்கிறது. தாக்குதலை உணர்ந்தவுடன் அவற்றைப் பெருக்கிக்கொள்கிறது. கேடயம் உள்ள பூஞ்சை தப்பிக்கிறது. சுற்றியுள்ள திசுவோ அடிவாங்குகிறது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று மருத்துவம் குறிப்பிடுவது இந்த நிலையைத்தான். வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகும் வேகத்துக்கு ஈடுகொடுக்க, குளூட்டாதயோன் போன்ற உடலின் காப்புப் பொருட்களால் முடியாமல் போகிறது. இரும்பைத் துரு அரிப்பதுபோல், செல் உறையின் கொழுப்பும் புரதமும் மரபணுப் பொருளும் சிதைகின்றன. சிதைந்த செல் மீண்டும் அபாயக் குறிப்பு அனுப்புகிறது. அதைக் கேட்டு மீண்டும் வெள்ளணுக்கள் வருகின்றன. பூஞ்சை மாத்திரை இந்தச் சுழலின் தொடக்கப் புள்ளியை அகற்றுகிறது. ஆனால் குடலிலோ திசுவின் மடிப்புகளிலோ தங்கிய சில கேண்டிடா செல்கள் மறுபடி தலைதூக்கும்போது, சுழல் மறுபடி தொடங்குகிறது.

எதிர்ப்பாற்றல் குறைந்தால் என்ன ஆகும்?

எச்ஐவி நோயாளிகளின் அனுபவம் இதற்குச் சான்று. அவர்களுடைய டி செல்கள் குறையக் குறைய, வாயில் கேண்டிடா வெண்படலமாகப் படர்வது கூடிக்கொண்டே போகும். ஆனால் பெண்ணுறுப்புக் கேண்டிடா அதே விகிதத்தில் கூடுவதில்லை. எதிர்ப்பாற்றல் குறைவுதான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தே கூடியிருக்க வேண்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. நெதர்லாந்தில் ஒரே குடும்பத்துப் பெண்கள் சிலருக்கு இந்தத் தொற்று விடாமல் வந்தது. பூஞ்சையின் மேலுறையை அடையாளம் காணும் டெக்டின்-1 என்ற ஏற்பி அவர்களிடம் மரபணு மாற்றத்தால் பழுதாகியிருந்தது 2009-இல் கண்டறியப்பட்டது. அவர்களிடமும் நியூட்ரோஃபில்கள் கேண்டிடாவைக் கொல்லும் திறன் இயல்பாகவே இருந்தது. இழந்தது அடையாளம் காணும் கண்ணைத்தான். இத்தகைய மரபுக் காரணம் அரிது. ஆயினும், தாய்க்கும் மகளுக்கும் தொடர்ந்து வருகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி அது.

சர்க்கரை நோய்: இந்தியாவின் தனிக் கணக்கு

எதிர்ப்பாற்றல் உண்மையிலேயே தளரும் ஒரு பெரிய கூட்டம் இந்தியாவில் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது நியூட்ரோஃபில்லின் கொல்லும் திறன் மங்குகிறது. அதே வேளையில், உடலின் திசுக்கள் முழுவதும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது. எதிரியின்மீது வீசவேண்டிய நெருப்பு குறைந்து, வீட்டுக்குள் புகை கூடிய நிலை அது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயுள்ள பெண்களில் 46 சதவீதத்தினரிடமும், அந்நோய் இல்லாதவர்களில் 23 சதவீதத்தினரிடமும் கேண்டிடா காணப்பட்டது. அதே மருத்துவமனையின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் முக்கியமானது. சர்க்கரை நோயோடு பூஞ்சைத் தொற்றும் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடம், வழக்கமான கேண்டிடா ஆல்பிகன்ஸ் 28.8 சதவீதமே இருந்தது. 61.3 சதவீதம் கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற வேறு இனம்.

கிளாப்ரேட்டாவுக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை சரிவர வேலை செய்வதில்லை. அந்த ஆய்வில் ஒற்றை மாத்திரையால் 28.6 சதவீதத்தினரிடமே அந்தப் பூஞ்சை நீங்கியது. 14 நாள் உறுப்பினுள் வைக்கும் போரிக் அமிலச் சிகிச்சையில் 63.6 சதவீதத்தினரிடம் நீங்கியது. காக்ஸ் டவுனிலோ கோயம்புத்தூரிலோ சர்க்கரை நோயுள்ள ஒரு பெண் அதே மாத்திரையை ஐந்தாவது முறையாக வாங்குகிறார் என்றால், அவர் உடலில் அந்த மருந்துக்குப் பணியாத இனம் இருக்கக்கூடும். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர்தானே என்று எண்ணி இதைத் தாமாக முயலக் கூடாது. வாய்வழி உட்கொண்டால் போரிக் அமிலம் நச்சு. கருவுற்றவர்களுக்கு எவ்வழியிலும் ஆகாது.

மற்றொன்றும் இங்கே கவனத்துக்குரியது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் இவை, காப்புரிமை முடிந்து மலிவு விலையில் கிடைப்பதால் இந்தியாவில் பரவலாகிவிட்டன. பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று இவற்றின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. இம்மருந்து தொடங்கியபின் அரிப்பு வந்தால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே தெரிவிக்க வேண்டும். அரிப்புக்காக மகளிர் மருத்துவரிடமும் சர்க்கரைக்காக வேறு மருத்துவரிடமும் செல்லும் பெண்களிடம் இந்த இணைப்பு எளிதில் தவறிப்போகிறது.

பாக்டீரியாக் கோளாறில் கதை வேறு

பாக்டீரியல் வஜினோசிஸில் நியூட்ரோஃபில் கூட்டம் வருவதில்லை. அழற்சியைக் குறிக்கும் 'வஜினைட்டிஸ்' என்ற பெயர் இந்நோய்க்குக் கிடைக்காததன் காரணம் அதுவே. நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, கார்ட்னரெல்லா உள்ளிட்ட பல வகைகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. அவை திசுவின்மேல் உயிர்ப்படலம் ஒன்றைப் போர்த்துகின்றன. பாசி படிந்த தொட்டியில் மேல்நீரை மட்டும் மாற்றினால் மறுநாளே நீர் பச்சையாவதுபோல், ஆன்டிபயாட்டிக் படலத்தின் மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறது. சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது திரும்புகிறது.

வெளியே அமைதியாகத் தோன்றினாலும், அழற்சித் தூதுப் பொருட்கள் சில உள்ளே உயர்ந்தே இருக்கின்றன. குறைப்பிரசவத்துக்கும், எச்ஐவி எளிதில் தொற்றுவதற்கும் இந்நிலை வழிவகுப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதில் அண்மைக் காலத்தின் பெரிய செய்தி 2025 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. ஆஸ்திரேலியாவில் 164 தம்பதியரிடம் நடந்த சோதனையில், பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை அளித்தபோது 12 வாரத்தில் 63 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. ஆண் துணைக்கும் ஏழு நாள் மாத்திரையும் களிம்பும் தந்தபோது அது 35 சதவீதமாகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. மனைவியின் சுத்தக்குறைவே காரணம் என்று வீடுகளில் சொல்லப்பட்டுவந்த ஒரு நோயில், கணவரும் சிகிச்சை பெறவேண்டும் என்பது எளிதில் ஏற்கப்படும் செய்தி அன்று.

நல்ல பாக்டீரியாவைத் திருப்பி வைக்கும் முயற்சியும் நடக்கிறது. லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸை உறுப்பினுள் நேரடியாக வைத்த அமெரிக்கச் சோதனையில் நோய் திரும்புவது 45 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்ததாக 2020-இல் அறிவிக்கப்பட்டது. கடைகளில் விற்கும் வாய்வழி புரோபயாட்டிக் காப்ஸ்யூல்களுக்கு இதே பலனை ஏற்றிச் சொல்வதற்கு இல்லை. அவற்றில் உள்ளவை பெரும்பாலும் வேறு இனங்கள்.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மாத்திரை உதவுமா?

ஆக்சிஜனேற்ற அழுத்தம் திசுவைக் கெடுக்கிறது என்றால், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, குளூட்டாதயோன் மாத்திரைகள் அதைத் தடுக்கும் என்று நினைப்பது இயல்பு. விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. இவற்றை உட்கொண்டால் பூஞ்சைத் தொற்று திரும்புவது குறையும் என்று காட்டிய பெரிய, நம்பத்தக்க சோதனை இல்லை. 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று விற்கப்படும் பொடிகளின் நிலையும் அதுதான். மேலே கண்டபடி, அழற்சி மிகுந்துபோனதே சிக்கலாக இருக்கும் இடத்தில் எதிர்ப்பைத் தூண்டிவிடுவதில் பொருளும் இல்லை.

பலன் உறுதியானது நீண்டகாலப் பராமரிப்புச் சிகிச்சை. ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் பூஞ்சைத் தொற்று வந்து, பரிசோதனையில் அது உறுதியான பெண்களுக்கு, முதலில் தொற்றை முழுவதுமாக அடக்கிவிட்டு, பிறகு வாரம் ஒருமுறை ஃப்ளூகோனசோல் ஆறு மாதம் தரப்படுகிறது. 387 பெண்களிடம் நடந்து 2004-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், ஆறு மாத முடிவில் இம்மருந்து எடுத்தவர்களில் 90.8 சதவீதத்தினர் நோயின்றி இருந்தனர். போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 35.9 சதவீதம். மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முறையே 42.9, 21.9 சதவீதம். அடக்க முடிகிறது, பாதிக்கு மேற்பட்டோரிடம் வேரறுக்க முடியவில்லை என்பதே இந்த எண்கள் சொல்வது. கருவுற்றவர்களும், இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் இம்மருந்தைத் தாமாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

எங்கே செல்வது, எதைக் கேட்பது

அரசு மருத்துவமனைகளில் பாலியல், இனப்பெருக்கத் தொற்றுகளுக்கெனத் தனி மையங்கள் இயங்குகின்றன. நாடு முழுவதும் 'சுரக்ஷா கிளினிக்' என்றும், தமிழ்நாட்டில் 'சுகவாழ்வு மையம்' என்றும் இவை அறியப்படுகின்றன. சிகிச்சை இலவசம். காக்ஸ் டவுன் பகுதியினருக்குச் சிவாஜிநகரின் பவுரிங் மருத்துவமனையும், மகளிருக்கான கோஷா மருத்துவமனையும் அண்மையில் உள்ள பெரிய அரசு மருத்துவமனைகள்.

இந்த மையங்களில் அறிகுறியை வைத்தே வண்ணக் குறியீடு இட்ட மருந்துப் பெட்டி வழங்கும் முறை உண்டு. வெள்ளைப்படுதலுக்கான பச்சைப் பெட்டியில் செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் சேர்ந்தே இருக்கும். பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் ஒரே வருகையில் சிகிச்சை முடிய வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட முறை இது, முதல்முறை வருபவருக்குப் பொருந்தும். நான்காவது முறை வருபவருக்கும் அதே பெட்டியைத் தருவது போதாது. அவர் கேட்க வேண்டியவை: எந்தக் கிருமி என்று பார்த்தீர்களா, கல்ச்சர் பரிசோதனை வேண்டுமா, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்க்கலாமா, கணவருக்கும் மருந்து தேவையா.

முந்தைய முறைகளில் எடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும், தொற்று வந்த தேதிகளையும் குறித்து எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் களிம்போ உட்கழுவலோ கூடாது, இல்லையெனில் கிருமி சிக்காது. அடிவயிற்று வலி, காய்ச்சல், இரத்தம் கலந்த கசிவு, மாதவிடாய் நின்றபின் வரும் கசிவு ஆகியவை இருந்தால் நாள் குறித்துக் காத்திருக்கக் கூடாது.

அடிப்படைப் பரிசோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பிஎச் தாளில் ஒரு தொடுதல், கண்ணாடிச் சில்லில் இரு துளிகள், ஒன்றில் உப்புநீர், மற்றொன்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழையா, பாக்டீரியா அப்பிய செல்லா, நீந்தும் ஒட்டுண்ணியா என்பது பெரும்பாலும் அதே இருக்கையில், சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.